தலைக்கவசமும் சும்மாடும்

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது நம் பெரியவர்கள் அன்றாடம் எடுத்தாளும் பழமொழி. கை கால்களில் நேரும் காயம் காலப்போக்கில் ஆறிவிடும். தலைக்குள் நேரும் காயம் பல வேளைகளில் ஆறுவதே இல்லை. இந்தப் பட்டறிவு அப்பழமொழியில் அடங்கியிருக்கிறது. ஆயினும் தலையைக் காக்கும் கருவியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சில. இருசக்கர ஊர்தி ஓட்டுவோரின் கவசத்தைப் பற்றியாவது நாளிதழ்கள் அவ்வப்போது பேசுகின்றன. கட்டடப் பணியிடத்தில் கொத்தனாரும் சித்தாளும் அணிய வேண்டிய கவசத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

தமிழ்த்துறையின் மலரில் இப்பொருளுக்கு இடம் ஏன் என்று சிலர் வினவக்கூடும். நம் மாணவர்களுள் பலர் விடுமுறை நாள்களில் கட்டட வேலைக்குச் சென்று கட்டணத்திற்குப் பொருள் சேர்ப்பவர்கள். இன்னும் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் வளைகுடா நாடுகளின் கட்டுமானத் தளங்களில் உழைப்பவர்கள். இவற்றோடு, நம் வளாகத்தில் புதிய கட்டடம் எழும்பிய நாள்களில் வகுப்பறைச் சாளரத்தின் வழியே நான் கண்ட காட்சி ஒன்றும் என்னை எழுதத் தூண்டியது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

சொல்

போர்க்களத்தில் உடலைக் காப்பதை நம் முன்னோர் 'மெய்ம்மறை' என்றனர். பதிற்றுப்பத்தில் சேர மன்னனையே தன் வீரர்க்கு மெய்ம்மறையாகப் புலவர் போற்றுவர். படைக்கு முன்னின்று முதல் அடியைத் தான் ஏற்பவன் என்பது கருத்து. தலைக்கு அணிவதனைச் 'சிரத்திராணம்' என்றும் 'தலைச்சீரா' என்றும் வழங்கினர். இதிலுள்ள 'சீரா' கவசத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் திரிபு என்பர். உமறுப்புலவரின் காப்பியப் பெயரில் வரும் 'சீறா'வோ வாழ்க்கை வரலாற்றைக் குறிக்கும் அரபுச் சொல். ரகர றகர வேறுபாட்டை மாணவர் மறவாதிருக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இன்று 'தலைக்கவசம்' என்னும் சொல்லே நிலைபெற்றுவிட்டது. தளத்தில் உழைப்போர் நாவில் அது 'ஹெல்மெட்'தான்.

போர்க்களத்திலிருந்து பணிக்களத்திற்கு

தொழிலாளிக்கென ஒரு கவசம் உருவானது போர்க்கவசத்தின் வழியேதான். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் சுரங்கத் தொழிலுக்கான பொருள்களை விற்றுவந்த குடும்பத்தைச் சேர்ந்த எட்வர்டு புல்லார்டு என்பவர் முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பினார். போர்முனையில் தாம் அணிந்த இரும்புத் தொப்பியை எண்ணிப் பார்த்து, சுரங்கத் தொழிலாளர்க்கும் அத்தகையதொன்று வேண்டுமெனக் கருதி, 1919இல் புதியதொரு தொப்பியை வெளியிட்டார். கித்தான் துணியை நீராவியில் பதப்படுத்தி, பசையூட்டி, அச்சிலிட்டு இறுக்கி, கறுப்பு வண்ணம் பூசிய தொப்பி அது. பின்னர் அலுமினியமும், கண்ணாடி இழையும், பாலிஎதிலீன் முதலிய பிளாஸ்டிக் வகைகளும் துணியின் இடத்தைப் பிடித்தன.

அதே நகரில் 1933இல் தொடங்கி 1937இல் முடிந்த கோல்டன் கேட் பாலப் பணியில், தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் கவசமின்றி எவரும் தளத்தில் நிற்கலாகாது என்று விதித்தார். அவர் அதனோடு அமையவில்லை. பாலத்தின் அடியில் நெடுகிலும் வலை கட்டச் செய்தார். அவ்வலையில் விழுந்து உயிர் தப்பியோர் 19 பேர். 1937 பிப்ரவரி 17 அன்று சாரமொன்று பெயர்ந்து விழ, அதன் பளுவைத் தாங்காது வலை கிழிந்து 10 பேர் மாண்டனர். அந்தப் பதின்மரின் தலையிலும் கவசம் இருந்திருக்கும். அவ்வுயரத்திலிருந்து வீழ்வோர்க்குக் கவசம் என் செய்யும்? கவசத்தின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே உணர்த்தும் நிகழ்ச்சி இது.

கவசம் எவ்வாறு காக்கிறது?

கவசம் கெட்டியாக இருப்பதால் தலையைக் காக்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணமே பல தவறுகளுக்கு வேர். தலைமேல் ஓர் இரும்புச் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் சம்மட்டியால் அடித்தால் சட்டி உடையாது. ஆனால் அடி முழுவதும் மண்டையோட்டையே சேரும்.

தொழிற்கவசத்தில் இரு பகுதிகள் உண்டு. வெளியே உள்ளது ஓடு. உள்ளே நாடாக்களால் பின்னிய தொட்டில் போன்ற அமைப்பு ஒன்று, தலைப்பட்டையுடன் ஓட்டின் விளிம்பில் நான்கு அல்லது ஆறு இடங்களில் பொருத்தப்பட்டிருக்கும். தலை ஓட்டைத் தொடுவதில்லை, தொட்டிலில்தான் அமர்ந்திருக்கிறது. உச்சந்தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறது. அது 25 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்கிறது இ.என். 397 என்னும் ஐரோப்பியத் தர அளவையின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு. உண்மையில் நம்மைக் காப்பது அந்த வெற்றிடமே. மேலிருந்து ஒன்று விழும்போது ஓடு அடியைப் பரப்புகிறது. நாடாக்கள் இழுபட்டு, விழும் பொருளைச் சிறிது தொலைவு இறங்கவிட்டு நிறுத்துகின்றன.

இதனைக் கணக்காகவே பார்க்கலாம். அதே தர அளவையின்படி 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து கவசத்தின்மேல் விழச்செய்து சோதிப்பர். அவ்வெடை நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகத்தில் வந்து மோதும். அதனை 25 மில்லிமீட்டர் தொலைவில் படிப்படியாக நிறுத்தினால், தலையில் சராசரியாக அழுந்தும் விசை 200 கிலோ பளுவுக்கு நிகர். 2 மில்லிமீட்டரில் நிறுத்தினாலோ அது 2,500 கிலோ பளுவுக்கு நிகராகிவிடும். சோதனையில் தலைக்கு இறங்கும் உச்ச விசை 5,000 நியூட்டனைத் தாண்டலாகாது, அதாவது ஏறத்தாழ 500 கிலோ பளுவைத் தாண்டலாகாது என்பது விதி. விழும் பொருள் அதுவே, வேகமும் அதுவே. இரு விரற்கடை இடைவெளி இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு.

அவ்விடைவெளியில் நம்மவர் எவற்றையெல்லாம் வைக்கிறார்கள் என்பதைப் பணியிடத்தில் அரைநாள் நின்று பார்த்தவர் அறிவர். பீடிக்கட்டு, தீப்பெட்டி, கைபேசி, மடித்த கைக்குட்டை, சிற்றுண்டிக்கான பணம் ஆகியன அங்கே குடியேறுகின்றன. பையில்லாத உடையில் உழைப்பவர்க்கு அஃது ஒரு பாதுகாப்பான பெட்டகம். அவர்களைக் கடிந்து பயனில்லை. பொருள் வைக்க ஒரு பூட்டுப் பெட்டியைத் தளத்தில் வைத்திருந்தால் இந்நிலை வாரா. எனினும் நாடாக்கள் இறங்க வேண்டிய இடத்தில் கைபேசி இருக்குமாயின் அடி கைபேசியின் வழியே நேரே தலைக்கு இறங்கும் என்பதை எவரேனும் அவர்களுக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

இனி எல்லையையும் கூறவேண்டும். ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல் 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதன் ஆற்றல் மேற்சொன்ன சோதனை ஆற்றலுக்குச் சமம். 3 கிலோ செங்கல்லாயின், ஓர் ஆள் உயரத்திலிருந்து விழுந்தாலே அவ்வளவு ஆற்றல் வந்துவிடும். 10 மீட்டரிலிருந்து விழும் செங்கல் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், சோதனையைப்போல் ஆறு மடங்கு ஆற்றலோடு இறங்கும். அதனை எந்தக் கவசமும் முற்றிலும் தாங்காது. ஆதலின் சாரத்தின் விளிம்பில் தடுப்புப் பலகை வைப்பதும், கீழே வலை கட்டுவதும், மேலிருந்து பொருள்களை வீசாமல் கயிற்றில் இறக்குவதும் முதற்காவல். அவை தவறியபின் எஞ்சும் கடைசிக் காவலே கவசம். கவசம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி முதற்காவலைக் கைவிடும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

அணியும் முறை

கவசம் தலையில் நேராக அமர வேண்டும். முன்விளிம்பு புருவத்திற்கு மேலே இரு விரல் அளவில் நிற்பது நன்று. பின்னே சாய்த்து அணிந்தால் நெற்றி வெளிப்படும். பின்புறத்துத் திருகையோ பட்டையோ கொண்டு தலைப்பட்டையை இறுக்கி, குனிந்து தலையை ஆட்டிப் பார்க்க வேண்டும். நழுவினால் தளர்வு, நெற்றியில் தழும்பு பதிந்தால் மிகை இறுக்கம். முன்பின்னாகத் திருப்பி அணிவது இளைஞர்க்கு ஓர் அழகாகத் தோன்றுகிறது. அவ்வாறு அணியலாம் என்று தயாரிப்பாளர் குறித்திருந்தால் மட்டுமே, அதுவும் உட்தொட்டிலையும் திருப்பிப் பொருத்திய பின்னரே, அஃது ஏற்புடையது.

தாடைப்பட்டையைப் பலர் கவசத்தின் மேலே தூக்கிக் கட்டிவிடுகின்றனர். குனிந்து கம்பி கட்டும்போதும் சாரத்தில் நிற்கும்போதும் அது தாடைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். இல்லையேல், காக்க வந்த கவசமே நழுவிக் கீழே நிற்பவன் தலையில் விழும். பட்டை எதிலேனும் சிக்கினால் கழுத்தை நெரித்துவிடாதா என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. முற்கூறிய தர அளவை அதனையும் எண்ணிப் பார்த்திருக்கிறது: 150 முதல் 250 நியூட்டன் வரையிலான இழுப்பில் பட்டை தானே விடுபட்டுவிட வேண்டும் என்பது அதன் விதி.

துண்டால் முண்டாசு கட்டி அதன்மேல் கவசத்தை வைப்பது நம் நாட்டு வழக்கம். வியர்வை கண்ணில் வழியாதிருக்க அவ்வாறு செய்கின்றனர். ஆனால் முண்டாசு கவசத்தை உயர்த்திவிடும், இடைவெளியையும் நிரப்பிவிடும். மடிப்பும் முடிச்சும் இல்லாத மெல்லிய பருத்தித் தொப்பியாயின், தயாரிப்பாளர் மறுக்காதவிடத்து, அணியலாம். பெண்கள் உச்சியில் கொண்டை முடிந்தால் கவசம் அதன்மேல் ஏறி நிற்கும்; பிடரியில் தாழ முடிந்துகொண்டால் தொல்லையில்லை. தலைப்பாகையையே சமயக் கடமையாகக் கொண்ட சீக்கியர்க்கு, பிரித்தானியா கட்டுமானத் தளங்களில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே விலக்களித்தது. 2015இல் அவ்விலக்கைப் பிற பணியிடங்களுக்கும் விரித்தது. ஒருவரின் சமய உரிமையை ஒரு நாடு மதித்த முறை அது. அதனால் தலைப்பாகை அடியைத் தாங்கும் என்று ஆகிவிடாது.

பேணும் முறை

கவசத்திற்கும் ஆயுள் உண்டு என்பதே பலர்க்குப் புதிய செய்தி. பிளாஸ்டிக் வெயிலில் கிடக்கக் கிடக்க, கதிரவனின் புறஊதாக் கதிர்கள் அதன் வலிமையைச் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கலாகாது என்னும் விதி உண்டு. தொழிலாளி நிழலுக்குச் செல்கிறார். அவருடைய கவசமோ பல வேளைகளில் வெயிலிலேயே கம்பியில் தொங்குகிறது. அதனையும் உடன் எடுத்துச் செல்வது நன்று.

கவசத்தைக் கவிழ்த்து முன்விளிம்பின் அடிப்புறத்தைப் பார்த்தால் கடிகாரம் போன்ற ஒரு வட்டம் பெரும்பாலும் காணப்படும். 1 முதல் 12 வரை எண்கள்; நடுவே ஓர் அம்புக்குறி; அதன் இருபுறமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். அம்பு 8ஐ நோக்க, நடுவில் 21 என இருந்தால் அக்கவசம் 2021 ஆகஸ்டில் வார்க்கப்பட்டது என்று பொருள். ஓட்டினை ஐந்தாண்டிற்கு ஒருமுறையும், உட்தொட்டிலை ஆண்டிற்கு ஒருமுறையும் மாற்றுக என்பது தயாரிப்பாளர் பலர் கூறும் பொது அறிவுரை. கடும் வெயிலில் உழைப்போர்க்கு இதனினும் விரைவாக மாற்ற நேரும். இந்தியத் தர அளவையான ஐ.எஸ். 2925 எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஓட்டில் உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

நாள்தோறும் அணியுமுன் ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும். ஓட்டின் பளபளப்பு மங்கிச் சுண்ணாம்பு பூத்ததுபோல் இருக்கிறதா, மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றியுள்ளனவா, நாடாக்கள் நைந்துள்ளனவா, பொருத்தும் கொக்கிகள் ஒடிந்துள்ளனவா என்று நோக்க வேண்டும். பாலிஎதிலீன் ஓட்டினை இரு பக்கமும் கையால் அமுக்கி விட்டால் அது மீண்டும் பழைய வடிவிற்கு வரவேண்டும். நெறுநெறுவென்று ஒலித்தால் அதன் காலம் முடிந்தது. ஒருமுறை வலிய அடியை ஏற்ற கவசத்தை, வெளியே சிறு கீறலும் தெரியாவிடினும், நீக்கிவிட வேண்டும். தன் கடமையை அது செய்து முடித்துவிட்டது.

கழுவுவதற்கு இளஞ்சூட்டு நீரும் சோப்பும் போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றால் துடைத்தால் அழுக்கோடு ஓட்டின் உறுதியும் போகும். வண்ணம் பூசுதல், காற்றுக்காகத் துளையிடுதல், சிமெண்டுக் கறையைக் கரண்டியால் சுரண்டுதல் ஆகிய அனைத்தும் தீங்கானவை. மின்கம்பிகளின் அருகே உழைப்போர் அலுமினியக் கவசத்தை நாடவே கூடாது. வெளிநாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பிய என் உறவினர் ஒருவர் தம் கவசத்தை நினைவாகக் கொண்டுவந்தார்; இன்று அவர் வீட்டுக் கொல்லையில் அது கோழிக்குத் தீனி வைக்கும் கலமாக இருக்கிறது. ஆயுள் முடிந்த கவசத்திற்கு அது தக்க பணியே. அதனையே மகன் தலையில் வைத்து வேலைக்கு அனுப்பாத வரை நன்று.

சாளரத்தின் வழியே கண்டது

நம் வளாகக் கட்டடப் பணியில், பார்வையாளர் வரும் நாள்களில் எல்லாருடைய தலையிலும் மஞ்சள் நிறக் கவசம் இருந்தது. பொறியாளர்க்கு வெள்ளை, தொழிலாளர்க்கு மஞ்சள் என்பது பல தளங்களில் உள்ள வழக்கம். அங்கே நிறம் மட்டுமன்றித் தரமும் வேறுபட்டிருந்ததைக் கண்டேன். வெள்ளைக் கவசங்களில் திருகுப்பட்டை இருந்தது. மஞ்சள் கவசங்கள் பலவற்றில் உட்தொட்டிலே அறுந்து தொங்கியது. மறுநாள் அவை கொட்டகையின் ஆணிகளுக்குத் திரும்பின. கொத்தனார்களுள் சிலரேனும் எடுத்து அணிந்தனர். சித்தாள்களாகிய பெண்கள் எண்மருள் ஒருவரும் அணியவில்லை. மேலே சாரத்தில் நிற்பவனைவிட, அதன் அடியில் நாள் முழுதும் நடப்பவர்களே மேலிருந்து விழும் பொருளுக்கு அதிகம் இலக்காகிறார்கள் அல்லவா? இடைவேளையில் ஓர் அம்மையாரிடம் கேட்டேன்.

"ஏம்மா, நீங்க யாரும் ஹெல்மெட் போடுறதில்லையா?"

"அதப் போட்டா சட்டி தலையில நிக்காதுங்கய்யா. சட்டி தூக்காட்டி எனக்கு இங்க என்ன வேலை?"

அவர் தலையில் இருந்தது சும்மாடு. பழந்துணியை வளையமாகச் சுருட்டி உச்சியில் வைத்து, அதன்மேல் சாந்துச்சட்டியை ஏற்றி, இரு கைகளையும் வீசி அவர் படியேறினார். கவசம் எதற்கென்று அமைந்ததோ அதற்கு நேர்மாறானது சும்மாடு. கவசத்தின் ஓடு எதுவும் நிலைக்காதபடி வளைந்தது. சும்மாடு சட்டி நிலைப்பதற்கென்றே குழிந்தது. கவசத்தின்மேல் பளுவை ஏற்றினால் நாடாக்கள் நாள் முழுதும் இழுபட்டுத் தளரும். உண்மையில் ஒரு பொருள் விழும் நேரத்தில் இறங்குவதற்கு இடைவெளி எஞ்சியிராது. எனவே அவர் சொன்னதில் தவறில்லை. தலை ஓய்ந்திருக்கும் தொழிலாளியை எண்ணி உருவாக்கிய கருவி, தலையாலேயே உழைக்கும் பெண்ணுக்குப் பொருந்தவில்லை.

1996இல் இயற்றப்பட்ட கட்டடத் தொழிலாளர் சட்டமும் அதன்கீழ் 1998இல் வந்த மைய விதிகளும் தளத்தில் தலைக்காப்பினைக் கட்டாயமாக்கின. அச்சட்டத்தைத் தன்னுள் இணைத்துக்கொண்ட 2020ஆம் ஆண்டுப் பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, பாதுகாப்பிற்காகத் தரப்படும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் பெறலாகாது என்றும் கூறுகிறது. கூலியில் கவசத்தின் விலையைப் பிடித்தம் செய்யும் மேஸ்திரிமார் இதனை அறிதல் நன்று. ஆனால் சட்டியைத் தலையிலிருந்து இறக்காமல் கவசத்தை மட்டும் கட்டாயமாக்கினால், அவ்விதி சித்தாளைச் சென்று சேராது. கப்பி, கைவண்டி, பளுதூக்கி ஆகியன வந்தாலன்றி அத்தலை கவசத்திற்குக் காலியாகாது.

இரண்டாம் தளம் எழும்பிய நாள்களில் ஒரு பிற்பகல், சென்ட்ரிங் பலகையிலிருந்து மர ஆப்பு ஒன்று தெறித்து, நான் உரையாடிய அதே அம்மையாரின் தலைமேல் இருந்த வெற்றுச் சட்டியில் விழுந்தது. சட்டி நெளிந்தது. தலை தப்பியது. அடி முழுவதும் சும்மாட்டின் வழியே கழுத்துக்கு இறங்கியதால் பத்து நாள் அவர் வேலைக்கு வரவில்லை. அந்தப் பத்து நாளுக்குக் கூலியும் இல்லை. கல்லூரியின் மூத்தவர் சிலர் தலையிட்டுப் பேசியபின் ஒப்பந்தக்காரர் பளுதூக்கி ஒன்றைக் கொணர்ந்தார். மூன்றாம் தளத்திற்குச் சாந்து அதில்தான் ஏறியது. சித்தாள்கள் எண்மராக இருந்தவர்கள் மூவராயினர். அம்மூவர் தலையிலும் மஞ்சள் கவசம் இருந்தது. அந்த அம்மையார் அம்மூவருள் ஒருவர் அல்லர்.